தலையில்லாத பொம்மைக்காகப் பரமத்தி வேலூர் வரை

பழைய ஜப்பான் பொம்மைகள் சேர்க்கிறவர்கள் சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். "சேலம், நாமக்கல் பக்கம் போனால் ஏதாவது கிடைக்குமா சார்?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறீர்கள். கிடைத்தாலும் கிடைக்கும் என்று ஒரு வரியில் பதில் எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒருவர் பஸ் நேரம், பார்க்க வேண்டிய ஆட்கள் என்று எல்லாம் கேட்டு நீளமாக எழுதியிருந்தார். அவருக்காக, அந்தப் பக்கம் பொம்மை தேடி நான் போன முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1987, ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. படித்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை. அக்கா சிங்கப்பூரில் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது மாமா ஒரு வீடியோ டெக்கும் சில கேசட்டுகளும் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்று ஜப்பான் கார்ட்டூன், ஆங்கிலம் பேசும். ஐந்து வண்டிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரு ராட்சச மனிதனாக எழுந்து நிற்கும் கதை. அதன் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் இத்தனை வம்பும்.

டெக்கை ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அங்கே அதற்கு 'அஞ்சு வண்டியான்' என்று பெயர் வைத்தோம். லாரி உடம்பு. புல்டோசர் இரண்டு காலாகப் பிரியும். கிரேன் வலது கை, போர்வெல் போடுகிற ரிக் வண்டி இடது கை. கடைசியாக ஒரு சிவப்பு ஜீப் மேலே ஏறி உட்கார்ந்து தலையாகும். ரிக் வண்டி கையாக மாறுவதைத் திருச்செங்கோட்டு டிரைவர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார்கள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்த வண்டிகள் பொம்மையாகவும் வந்தன. இரும்பும் பிளாஸ்டிக்கும் கலந்தது, உள்ளங்கைக்குள் அடங்காத கனம். ஒவ்வொரு வண்டியாகத்தான் விற்பார்கள். ஐந்தையும் வாங்கி மாட்டினால் ஒரு முழம் உயரத்துக்கு அஞ்சு வண்டியான் நிற்பான். அக்கா ஊருக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினாள். லாரி வந்தது, புல்டோசர் வந்தது, கிரேன் வந்தது, ரிக்கும் வந்தது. ஜீப் வரவில்லை.

என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதினேன். படம் எடுத்த கம்பெனிக்கும் பொம்மை செய்த கம்பெனிக்கும் உரிமைச் சண்டையாம். படக் கம்பெனி இனிமேல் நீ செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு, அதே பொம்மைகளைச் செய்ய இன்னொருவருக்கு உரிமை கொடுத்துவிட்டதாம். பழையவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இரண்டு பக்க வக்கீல்களும் வெளிநாட்டுக் கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பினார்கள். அக்கா எழுதியிருந்தாள்: "கடைக்காரர் அந்தக் கண்ணாடி அலமாரியை வேட்டி போட்டு மூடி வைத்திருக்கிறார். கேட்டால் கேஸ் இருக்கிறது என்கிறார். உனக்கு வயசு என்ன ஆகிறது, பெண் பார்க்கட்டுமா?" ஜப்பானுக்கே ஒரு கடிதம் போட்டேன். நாலு மாதம் கழித்து ஓர் அச்சடித்த சீட்டு வந்தது. விஷயம் வழக்கில் இருப்பதால் பதில் சொல்ல இயலாது, வருந்துகிறோம் என்று இருந்தது.

ஜப்பானில் இருப்பவனுக்குப் பிரச்சினை இல்லை. வழக்குக்கு முன்பே அங்கே ஐந்து வண்டியும் விற்றுத் தீர்ந்துவிட்டன. தலை கடல் தாண்டுவதற்குள்தான் சண்டை வந்தது. சிங்கப்பூர், மலேசியா, சேலம் செவ்வாய்ப்பேட்டை எல்லா இடத்திலும் அஞ்சு வண்டியான் முண்டமாக நின்றான். இதற்காக ஒரு வளர்ந்த ஆண் வருத்தப்படலாமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தூக்கம் கெட்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் டிரைவர் பழனியண்ணன் ஒரு நாள் மேஜைமேல் இருந்த பொம்மையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இதுக்கு மேல வெக்கறாப்புல ஒரு செவப்பு ஜீப்பு பரமத்தி வேலூர்ல ஒரு ஊட்டுல பார்த்தனுங்க. வெத்தல லோடு ஏத்தப் போவமுங்களே, சின்னச்சாமிங்கறவரு ஊடு. அவிய பையன் கப்பல்ல இருந்தவனுங்க. செத்துப்போயிட்டானுங்க." செத்துப்போய்விட்டான் என்பது என் காதில் விழுந்தது. ஜீப் என்பது அதைவிட நன்றாக விழுந்தது.

சேலத்தில் காலை 6.10 பஸ். நாமக்கல் 52 கிலோமீட்டர், டிக்கெட் நாலே முக்கால் ரூபாய். மஞ்சள் பையில் லாரியை மட்டும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன், ஜீப் மாட்டிப் பார்க்க. மல்லூர் தாண்டினால் இரண்டு பக்கமும் வெறும் மேட்டுக்காடு. அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி ரிக் வண்டிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஆந்திராவில் போர் போட நம் வண்டிகள் போகின்றன, நமக்கு இங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பக்கத்துச் சீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார்.

7.45க்கு நாமக்கல். அப்போது அது தனி மாவட்டம் ஆகவில்லை, சேலத்தோடு சேர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே மூன்று இட்லி, ஒரு காபி. மலைக்கோட்டைக்கு ஏறிப் பார்க்கலாம், ஒரு மணி நேரம் போதும். நான் ஏறவில்லை. 8.15க்கு வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். 27 கிலோமீட்டர், இரண்டரை ரூபாய். பரமத்தி வரைக்கும் அதே வறண்ட காடு. அதற்கப்புறம் ஆற்றுப் பாசனம் ஆரம்பித்துவிடும், வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ஊரே மாறிவிடும். வழக்கமாக அந்த இடத்தில் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அன்று ஜீப் கிடைக்குமா கிடைக்காதா என்பது மட்டும்தான் இருந்தது.

வேலூரில் 9.10க்கு இறங்கி, ராஜ வாய்க்கால் கரையோடு நாலு கிலோமீட்டர் நடந்தேன். அகத்தி மரங்களின்மேல் வெற்றிலைக் கொடி ஏற்றியிருந்தார்கள். வழி கேட்டதற்கு ஒருவர், "கப்பல்காரப் பையன் ஊடுங்களா? அதா, ஓட்டு ஊடு, முன்னால தென்ன நிக்குதே" என்று கையைக் காட்டினார்.

கதவு திறந்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதெல்லாம் மறந்துபோய், "உங்க ஊட்டுல ஒரு சிவப்பு ஜீப்பு பொம்மை இருக்குதாமுங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "முருகேசங்கூடக் கப்பல்ல இருந்தீங்களா சாமி?"

நான் தலையாட்டினேன்.

யாரும் என் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை. இல்லைங்க, நான் சேலத்துல குமாஸ்தாங்க என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்கும். ஜப்பான் பொம்மையைத் தெரிந்த ஆள் கப்பல் சிநேகிதனாகத்தான் இருக்க முடியும் என்று அந்த அம்மா நினைத்தார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், ஜீப்பைக் கேட்பது சுலபம் என்று நான் நினைத்தேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

உள்ளே கூட்டிப்போனார். அவர் பெயர் பாவாயி. மாலை போட்ட போட்டோவில் என் வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பலகையில் ஜீப் இருந்தது. முன் கண்ணாடியில் குங்குமம் வைத்திருந்தது. கப்பலில் பிட்டர் வேலையாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடுக்கடலில் காய்ச்சல் கண்டு, அடுத்த துறைமுகம் வருவதற்குள் போய்விட்டான். எங்கேயோ எரித்து, ஒரு டப்பாவில் சாம்பலும் ஒரு தகரப் பெட்டியில் துணிமணியும் அனுப்பி வைத்தார்கள். பெட்டிக்குள் நாலு சட்டைக்கு நடுவில் இந்த ஜீப் இருந்ததாம்.

"அமாவாசைக்கு அமாவாசை இலையில இதயும் வெச்சுத்தானுங்க படைக்கறோம். அவன் சாமான்ல முழுசா வந்தது இது ஒண்ணுதானுங்க." பாவாயி அம்மா குரலைத் தாழ்த்தினார். கணவர் சின்னச்சாமி கொடிக்காலில் இருந்தார், இருந்தாலும் தாழ்த்தினார். "நீங்க கூட இருந்தவிய. மறைக்காமச் சொல்லோணும். யாருக்குங்க இத வாங்குனான்? என்ற பையனுக்குக் கண்ணாலம் ஆகுல. எளவட்டப் பையன் கொழந்த வெளையாடற சாமானை எதுக்குங்க வாங்கோணும்? அங்க எங்கியாச்சும் அவனுக்கு ஒரு கொழந்த இருக்குதுங்களா? இருந்தா அது சோத்துக்கு என்ன பண்ணுதுங்க?"

இரண்டு வருடமாக அந்த அம்மா இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் உண்மையான பதில் இருந்தது.

"குழந்தை எல்லாம் இல்லைங்கம்மா. அவருக்கே வாங்குனதுதாங்க. எங்க மாதிரிப் பசங்களுக்கு இது ஒரு பைத்தியமுங்க" என்றேன். கதையைச் சொன்னேன். ஐந்து வண்டி, ஐந்து டிரைவர்கள், ஜீப் ஓட்டுகிறவன்தான் எல்லாரையும் கூப்பிட்டுச் சேர்ப்பான் என்று சொன்னேன். கைகளை வைத்து எப்படி மாட்டும் என்று காட்டினேன். மற்ற நாலும் என்னிடம் இருக்கிறது, ஜீப் மட்டும் இல்லை, கடையில் விற்க விடாமல் கேஸ் போட்டுவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அட கிறுக்குப் பையா" என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு எழுந்து ஜீப்பை எடுத்து, குங்குமத்தை முந்தானையால் துடைத்தார். நான் கேட்கவே இல்லை. "அவன் பேருல குடுக்கறனுங்க. உங்ககிட்ட இருக்கற நாலோட இதுவும் சேரட்டும்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னார். மொச்சைக் குழம்பும் சோறும் போட்டார். மகனுக்கு அந்தக் குழம்பு உயிர் என்றார், தெரியுமுங்க என்று அதற்கும் தலையாட்டினேன்.

மதியம் 3.40க்கு நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து லாரியை வெளியே எடுத்தேன். அந்த அம்மா முன்னால் எடுக்கக் கூச்சமாக இருந்தது. ஜீப்பை மேலே வைத்தேன். உட்காரவில்லை. லாரியின் மேல் சதுரக் குழி. ஜீப்பின் அடியில் உருண்டை முளை, அதுவும் ஒரு சுற்றுப் பெரியது. திருப்பிப் பார்த்தேன். அடியில் வேறு முத்திரை. இது புதிதாக உரிமை வாங்கியவர்கள் செய்த ஜீப். பழையவர்கள் செய்த உடம்பில் மாட்டக்கூடாது என்றே அளவை மாற்றியிருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே ஒரு முறை கவிழ்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எதிரிலேயே வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்த் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் சேலம் பஸ்ஸில் ஏறினேன். பழனியண்ணன் மறுநாள் கேட்டபோது, போகவே இல்லை என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அதே 6.10 பஸ். அதே டிக்கெட், அதே நடை. இந்தத் தடவை வாய்க்கால் கரையிலேயே சின்னச்சாமி என்னைப் பார்த்துவிட்டார். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர், "போன வாரம் வந்தது நீங்களுங்களா? நாந்தானுங்க சின்னச்சாமி" என்று கூடையை வைத்துவிட்டு வந்தார். அவரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் மகனை நான் பார்த்ததே இல்லை, கப்பலையும் பார்த்ததில்லை, பொம்மைக்காகத் தலையாட்டினேன், அதுவும் பொருந்தவில்லை, தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஜீப்பை நீட்டினேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் அடிக்கவில்லை. ஜீப்பைத் தொடவும் இல்லை. "போனவன் பேருல குடுத்தது திரும்ப ஊட்டுக்குள்ள வரப்படாதுங்க" என்றார். கையில் ஒட்டியிருந்த வெற்றிலைக் காம்பை உதறிவிட்டுக் கேட்டார்: "நீங்க கொழந்த இல்லீன்னு சொன்னது?"

"அது நிஜமுங்க. நானும் கல்யாணம் ஆகாம இந்தப் பொம்மைப் பைத்தியமாத்தானே இருக்கறனுங்க."

"அப்பொச் செரி. ரெண்டு வருசமா தெனமும் எங்கிட்ட அதையே கேட்டுட்டு இருந்தாளுங்க. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து கேக்கறதில்லீங்க. இப்ப நீங்க உள்ள போயி உங்க பையனத் தெரியாதுன்னு சொன்னா, மத்ததும் பொய்யின்னு ஆயிருமுங்களே தம்பி?"

நீட்டியிருந்த ஜீப்பைப் பைக்குள் வைத்தேன்.

"ஆடி அமாவாசைக்கு வந்துருங்க" என்றார். படையல் முடிந்ததும் செத்தவன் வயதுள்ள ஒருவரை முதல் இலையில் உட்கார வைத்துச் சோறு போடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். இரண்டு வருடமாகப் பக்கத்துத் தோட்டத்துப் பையனை உட்கார வைத்தார்கள். "இந்த வருசம் நீங்கதான் வரோணும்னு சொல்லிட்டு இருக்கறாளுங்க. வந்து சாப்பிட்டுட்டுப் போயிருங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

"வாரேனுங்க" என்றேன். அங்கேயே திரும்பி நடந்தேன்.

நான் போகவில்லை. அன்றைக்கு ஆபீசில் லோடு அதிகம் என்று இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். லோடு ஒன்றும் அதிகமில்லை. காலையில் குளித்து, சட்டை மாட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அந்த அம்மா இலையில் மொச்சைக் குழம்பை ஊற்றுவார், நான் மறுபடியும் தலையாட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆபீசுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து வெற்றிலை லோடு இறக்க வந்த பழனியண்ணன், டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதையாகச் சொன்னார். அந்த ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. "சின்னச்சாமிங்க ஊட்டுல பாவமுங்க. பையனோட கப்பல் சேக்காளி ஒருத்தரு சாப்பிட வாரேன்னு சொன்னாராமுங்க. மத்தியானம் மூணு மணி வரைக்கும் இலையப் போட்டு வெச்சுக்கிட்டு யாருமே சாப்பிடுலீங்களாம். அந்தம்மா ஒரு வார்த்த திட்டுலீங்க. கப்பலுக்குப் போயிருப்பான், காத்து மழையில்லாம நல்லபடியா வந்து சேரட்டும்னு அந்தப் பையனுக்கும் சேத்து வெளக்குப் போட்டாங்களாமுங்க."

டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

வழக்கு பிறகு சமாதானத்தில் முடிந்துவிட்டது. இரண்டு கம்பெனிகளும் கை குலுக்கிக்கொண்டன. இப்போது ஐந்து வண்டியும் ஒரே பெட்டியில், சதுர முளையோடு, யார் வேண்டுமானாலும் வரவழைக்கலாம். என் மகன் வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அந்த ஜீப் என்னிடம் இருக்கிறது. அதை விற்பீர்களா என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட விவரம். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு இப்போது நிறைய பஸ், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து வேலூருக்கு அடிக்கடி உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள், வாய்க்கால் கரையில் நிழல் குறைவு. பொருந்துகிறதா என்று பார்க்க உங்கள் பொம்மையைக் கையோடு எடுத்துப் போங்கள், அவர்கள் முன்னாலேயே எடுத்து, கவிழ்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்து மனிதர்கள் யார் எவர் என்று விசாரிக்கும் முன்பே உட்காரச் சொல்லுவார்கள், சோறு போடுவார்கள். அதனால் வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்: நான் உங்கள் பையனுக்குத் தெரிந்தவன் இல்லை, பொம்மைக்காக வந்தவன். அப்படியும் உள்ளே கூப்பிட்டு, இன்னொரு நாள் சாப்பிட வரச் சொன்னால், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.